சனிக்கிழமைகளில் என் மனைவி

வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த வீடு கடலோர ரயில் பாதைக்கு மிகக் கிட்ட இருந்தது. ரயில் போகும்போது யன்னல் கண்ணாடிகள் கிடுகிடுக்கும். ஊரிலிருந்து உத்தியோகத்துக்கு வந்த ஆண்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, சமையலுக்கு ஒருவரை வைத்துக்கொண்டு காலம் தள்ளும் இந்த மாதிரி வீட்டைச் சமறி என்போம். யப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட பிறகு எல்லோரும் பெண்சாதி பிள்ளைகளை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால் சமறிகளில் பாய் விரிக்க இடமில்லாமல் இருந்தது. அவ்வளவு பேர் இருந்தும் நான் அங்கே தனியாகத்தான் இருந்தேன்.

நான் கலியாணம் செய்தது அந்த யுத்த காலத்தில், ஓர் ஆனி மாதம். எங்கள் வழக்கப்படி அவள் தன் தாய் வீட்டிலேயே இருந்தாள். லீவு கிடைக்கும்போது நான் போய் வந்தேன். லீவு எப்போதாவதுதான் கிடைத்தது. அதே வருஷம் கார்த்திகையில் நெருப்புக் காய்ச்சல் வந்து இறந்துவிட்டாள். தந்தி கண்டு ஓடிப் போனேன். முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். கிடத்தியிருந்தவளின் முகத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த முகமாக அது இல்லை. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுக் கொழும்புக்குத் திரும்பினேன்.

திரும்பி வந்தபின் சமறியில் ஒரு புதிய பழக்கம் தொடங்கியிருந்தது. நான் சாப்பாட்டு மேசைக்கு வந்தால் பேச்சு மாறும். அதுவரை ஊரில் இருக்கும் மனைவியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று கூப்பனுக்குக் கிடைக்கும் பங்கீட்டு அரிசியின் நாற்றத்தைப் பற்றிக் கதைப்பார். என் மனம் நோகக் கூடாதென்று அவர்கள் தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள் போலும். நல்ல எண்ணம்தான். ஆனால் எனக்கு முன்கோபம் அதிகம். தட்டைத் தூக்கி அடிக்கலாமா என்றுகூட வரும். அவளைப் பற்றி யாராவது ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், நான் நாள் முழுக்கச் சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை.

சனிக்கிழமைகளில் நான் வேலை பார்த்த கந்தோர் மத்தியானத்தோடு மூடிவிடும். அந்தப் பிற்பகல்தான் என்னைக் கொன்றது. என்னுடைய கந்தோரில் ஒரு பெரிய உடம்புக்காரர் இருந்தார். ஒரு சனிக்கிழமை அவர் என் கையைப் பிடித்து, “வாரும் ஐசே, கொட்டாஞ்சேனைக்கு. அங்கை நாங்கள் நாடகம் போடுறனாங்கள்” என்று இழுத்துக்கொண்டு போனார். கோட்டையிலிருந்து செட்டியார் தெரு வழியாக நடந்தோம். ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் பின்புற மண்டபத்தில் நாலைந்து ஆண்கள் பிள்ளைகள் உட்காரும் வாங்குகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுடைய நாடகத்துக்கு எழுத்தே கிடையாது. அது எப்படி வந்தது என்பதை நடந்துகொண்டே பெரிய உடம்புக்காரர் சொல்லியிருந்தார். முன்பு அவர்களும் எல்லோரையும் போல இராசா நாடகம்தான் போட்டார்களாம். மேடையில் ஒருமுறை மந்திரியாக நின்ற இவருக்கு வசனம் முழுதும் மறந்துபோயிற்று. வாயைப் பிளந்துகொண்டு நின்றவர், வேறு வழியில்லாமல், கந்தோரில் தன் லீவை வெட்டிய பெரிய கிளாக்கரைத் திட்டுவது போல் இராசாவைத் திட்டத் தொடங்கிவிட்டார். “மாமியாருக்குச் சுகமில்லை எண்டு எத்தினை தரம் சொன்னனான், மன்னா!” சபை விழுந்து விழுந்து சிரித்ததாம். இராசாவாக நின்றவரும் விட்டுக்கொடுக்காமல், “உமக்கு எத்தினை மாமியார் ஐசே?” என்று கேட்டிருக்கிறார்.

இராசாவாக நின்றவர் அந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார். மனப்பாடம் செய்ய யாருக்கும் நேரமில்லை, எழுதி எடுக்கக் கடதாசியும் கிடைக்கவில்லை. ஆகவே அவரவர் வாழ்க்கையில் நடந்ததையே நாடகமாக்கலாம் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டார். எங்களைவிட வயதில் மூத்தவரல்ல, ஆனால் சட்டம் போடுவதில் பெரிய ஆள். கதைக்குச் சொந்தக்காரர் முதலில் எழும்பி நின்று கதையைச் சொல்ல வேண்டும். பிறகு முன் வாங்கில் போய் இருந்துவிட வேண்டும். தன் கதையில் தான் நடிக்கக் கூடாது. மற்றவர்கள் ஒத்திகை இல்லாமல் அந்த இடத்திலேயே எழும்பி, வாயில் வருவதைப் பேசி நடிப்பார்கள். முடிந்ததும் வாத்தியார் சொந்தக்காரரிடம் கேட்பார்: “இப்பிடித்தானோ?” இல்லையென்றால், இல்லாத இடத்தை அவர் சொல்லலாம். திரும்ப நடிப்பார்கள். ஓம் என்றால் நாடகம் அப்படியே நிற்கும்.

பெண் வேடம் எல்லாவற்றையும் ஒருவரே கட்டினார். தபால் கந்தோரில் வேலை. பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையிலேயே, கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பம். யாழ்ப்பாணத்தின் மண்ணை மிதித்ததில்லை. மீசை வைத்திருந்தார், வழிக்கவும் மாட்டார். ஆனால் தோளில் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு தலையைக் கொஞ்சம் சாய்த்தால் மீசை கண்ணுக்குத் தெரியாது. அதை எப்படிச் செய்தார் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

நான் பல சனிக்கிழமைகள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வாத்தியார் கேட்டார்: “உங்கடை கதை?” வேண்டாம் என்றேன். பெரிய உடம்புக்காரர் வாத்தியாரின் காதில் ஏதோ சொன்னார். வாத்தியாரின் முகம் மாறியது. சமறியில் நான் தினமும் பார்க்கும் அதே முகம். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்து, “என்ன, சொல்லேலாத கதையோ? சொல்லுறன்” என்று எழும்பிவிட்டேன்.

எழும்பிய பிறகுதான், என்னிடம் சொல்ல எவ்வளவு கொஞ்சம் இருக்கிறது என்று தெரிந்தது. கலியாணப் படத்தில்கூட அவள் குனிந்துகொண்டிருந்தாள். கடைசியாகப் பார்த்த நாளைச் சொன்னேன். ஐப்பசியில் ஒரு பின்னேரம். நான் கொழும்புக்கு மெயில் ரயில் எடுக்க வேண்டும். மாட்டு வண்டி வாசலில் நின்றது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் புதுப் பெண்சாதி புருஷனை வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வருவதில்லை; வேலிப் படலையைத் திறந்து வெளியேகூட வர மாட்டாள். அவள் வேலிக்கு உள்ளே நின்றாள். நான் வண்டியில் ஏறினேன். வண்டி போயிற்று.

இன்னொன்றும் சொன்னேன். அவள் என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வெட்கம். தண்ணீர் கொண்டுவந்தால் செம்பைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். அதுதான் எனக்கு அழைப்பு. சாப்பாடு ஆயிற்றென்றால் சுவரைப் பார்த்து, “சோறு போட்டிருக்கு” என்பாள். “நீர் என்னை என்னெண்டு கூப்பிடப் போறீர்?” என்று ஒருநாள் கேட்டேன். சிரித்துக்கொண்டு ஓடிவிட்டாள். அடுத்த லீவுக்குள் கூப்பிட வைத்துவிடுவேன் என்று நினைத்திருந்தேன். அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு முன் வாங்கில் போய் இருந்தேன்.

“இதிலை நாடகம் எங்கை கிடக்கு?” என்றார் பெரிய உடம்புக்காரர். ஆனாலும் எழும்பினார். என் வேடம் அவருக்குத்தான். என்னைப் போல் மூன்று பேர் சேர்ந்தால்தான் அவர் ஒருவர் ஆவார்.

தபால் கந்தோர்க்காரர் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தார். “அது சரி, ஸ்டேஷனுக்கு வராம எப்பிடி? எங்கட வீடுகள்ல அப்பிடி நிண்டா, ரெண்டு பேரும் சண்டை போட்டுட்டாங்கன்னு அக்கம் பக்கத்துல கதைப்பாங்க.” அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. கொட்டாஞ்சேனையில் ரயிலுக்குப் போகிறவரை வழியனுப்ப வீடே திரண்டு போகும். வேலிக்குப் பின்னால் ஒரு பெண் வாய் திறக்காமல் நிற்பதை அவரால் கற்பனை பண்ண முடியவில்லை. எனவே தொடங்கியதுமே என் மனைவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

மேசைதான் ரயில். பெரிய உடம்புக்காரர் அதன் மேல் ஏறி உட்கார்ந்தார். தபால் கந்தோர்க்காரர் கீழே நின்று மேலே பார்த்தார். யாழ்ப்பாணப் பெண்கள் புருஷனைக் கூப்பிடும் சொல் அவருக்குத் தெரியும். வெள்ளவத்தைப் பக்கத்துக் கடைகளில் கேட்டிருக்கிறார். யாழ்ப்பாணத்து மனைவியென்றால் மூச்சுக்கு மூச்சு அதைச் சொல்வாள் என்று அவருக்கு ஓர் எண்ணம். மற்றக் கதைகளில் அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் நாங்கள் சிரிப்போம். அன்று ஒரே ஒருமுறைதான் சொன்னார். குரலை மெலித்து, கொஞ்சம் பயந்து:

“இஞ்சாருங்கோ.”

பெரிய உடம்புக்காரர் குனிந்து பார்த்தார். “என்ன?” என்றார். “ஒண்டுமில்லை. சும்மா கூப்பிட்டனான்” என்றார் தபால் கந்தோர்க்காரர். அதோடு ரயில் போயிற்று.

எனக்கு அழுகை வந்தது. சத்தம் வராமல் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதேன். வாத்தியார் கேட்டார்: “இப்பிடித்தானோ?”

இல்லை. அவள் ஸ்டேஷனுக்கு வரவில்லை, கூப்பிடவும் இல்லை. ஆனால் அப்படிச் சொன்னால் அவளை அங்கிருந்து திருப்பி அனுப்ப வேண்டும். வேலிக்குப் பின்னால் கொண்டுபோய், வாயை மூடி, திரும்ப நிறுத்த வேண்டும். இப்போதுதான் கூப்பிட்டிருக்கிறாள். எனக்கு மனம் வரவில்லை.

“ஓம்” என்றேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளுக்காக இருந்தேன். எழுத்தில்லாத நாடகம் என்பதால் ஒவ்வொரு முறையும் அவள் வேறு ஏதாவது சொன்னாள். ஒருநாள் “குடையை மறந்திட்டியள்” என்றாள். இன்னொரு நாள், “கொழும்பிலை தேத்தண்ணிக்குச் சீனி கூடப் போட்டுக் குடியாதையுங்கோ” என்றாள். நான் கந்தோரில் சீனி குறைத்துத் தேத்தண்ணி குடித்தேன், பைத்தியக்காரன். செம்பை வைத்துவிட்டு ஓடியவள் வாரத்துக்கு வாரம் வாயாடியாகிக்கொண்டு வந்தாள். எனக்குப் பிடித்திருந்தது. சமறியில் இரவுச் சாப்பாட்டுக்கு இருக்கும்போது எனக்கும் மனைவியைப் பற்றி நினைக்கப் புதிதாக ஏதாவது இருந்தது. மற்றவர்கள் கூப்பன் அரிசியைத் திட்டினால் நானும் சேர்ந்து திட்டினேன்.

அதை மண்டபத்தில் மேடையேற்றினார்கள். கொட்டாஞ்சேனைச் சனம் நிறைய வந்திருந்தது. “சும்மா கூப்பிட்டனான்” என்ற இடத்தில் முன் வரிசையில் இருந்த பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். வாத்தியார் எல்லோருக்கும் முன்னால் என்னை எழுப்பி, இது இவருடைய கதை என்றார். கை தட்டினார்கள். அதுவரை யாரும் என் துக்கத்துக்கு இப்படி முகம் கொடுத்ததில்லை. அன்றைக்கு எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் திரும்பும்போது, அந்த ஐப்பசிப் பின்னேரத்தை நானாக ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம் என்று கண்ணை மூடினேன். ஸ்டேஷன் வந்தது. அதைத் தள்ளிவிட்டு வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். வேலி வந்தது. வேலிக்குப் பின்னால் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு தபால் கந்தோர்க்காரர் தலையைச் சாய்த்து நின்றார். கண்ணைத் திறந்து, மூடி, திரும்பப் பார்த்தேன். அவர்தான். அவள் முகம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பஸ் காலி முகத் திடலைத் தாண்டும்போது எனக்கு உடம்பு முழுக்க வியர்த்துவிட்டது. என்னிடம் இருந்தது ஒரு கைப்பிடியளவு நினைவு. அதையும் கை நழுவ விட்டுவிட்டேன் என்ற பயம். அவள் செத்தபோதுகூட நான் அப்படிப் பயப்படவில்லை.

அடுத்த சனிக்கிழமை நேரத்தோடு போனேன். தபால் கந்தோர்க்காரர் மட்டும் வந்திருந்தார். “ஒருக்கால் உண்மையா நடந்த மாதிரிச் செய்து காட்டுவியளோ? ஸ்டேஷன் வேண்டாம். வேலிக்குப் பின்னாலை நில்லுங்கோ. ஒண்டும் சொல்லக் கூடாது” என்றேன்.

அவர் நல்ல மனுஷன். காரணம் கேட்கவில்லை. ஒரு வாங்கை நிமிர்த்தி வைத்து அதற்குப் பின்னால் போய் நின்றார். நான் வண்டியில் ஏறுவது போல் மேசைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன். வாங்குக்குப் பின்னால் ஓர் ஆண் யாருக்கோ காத்துக்கொண்டு நின்றார்.

“கையை எங்க வைக்கட்டும்?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை.

“வண்டி போகும்போது பாப்பாவா, குனிஞ்சுக்குவாவா?”

அதுவும் தெரியவில்லை. நான் அன்று வண்டியில் ஏறியதும் பெட்டியைச் சரியாக வைப்பதில் இருந்துவிட்டேன். அவர் கையை ஒருமுறை இடுப்பில் வைத்தார், பிறகு கட்டிக்கொண்டார், பிறகு எடுத்து வாங்கின் மேல் வைத்தார். ஒவ்வொன்றையும் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர் துவாயை எடுத்து மடித்தார். “எனக்கு விளங்கல்ல, மன்னிச்சுக்கங்க. நான் உங்கட வைஃபைப் பாத்ததே இல்லையே” என்றார். அவரை என்ன சொல்வது? வாத்தியாரும் மற்றவர்களும் வருவதற்கு முன் நான் வெளியே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த மண்டபத்துக்குப் போகவில்லை.

கார்த்திகையில் அவளுடைய முதல் வருஷ ஆட்டைத் திவசத்துக்கு ஊருக்குப் போனேன். ஐயர் வந்து எல்லாம் செய்து முடித்துப் போனபின், மாமி குசினி வாசலில் வாழையிலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமியோடு நான் அதிகம் கதைத்தவனல்ல. மருமகனுக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருக்கவும் மாட்டார். நான் போனதும் எழும்பி நின்றார். எப்படிக் கேட்பதென்று தெரியாமல் நேரே கேட்டேன்.

“மாமி, நான் கடைசியாப் போன அண்டைக்கு அவ எங்கை நிண்டவ?”

மாமி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு இலையை வைத்துவிட்டு முன்னுக்குப் போனார். படலைக்கு இந்தப் பக்கம் வேலியோரம் போய் நின்றார். “இதிலைதான், தம்பி.” வேலி அடைத்த கிடுகுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கதியால் தடியை இடது கையால் பிடித்தார். வலது கை சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தது. “இப்பிடிப் பிடிச்சுக்கொண்டு நிண்டவள். நான் விறாந்தையிலை நிண்டு பாத்தனான்.”

அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்தது.

“பிறகு வண்டி ஒழுங்கை முடக்கிலை திரும்பேக்கை உங்களைக் கூப்பிட்டவள்” என்றார் மாமி.

“கூப்பிட்டவவோ?”

“ஏன், கேக்கேல்லையோ? பெலத்துத்தான் கூப்பிட்டவள். எனக்கே வெக்கமாப் போச்சு. மாட்டுச் சலங்கையிலை உங்களுக்குக் கேட்டிராது.”

“என்னெண்டு கூப்பிட்டவ, மாமி?”

“வேறை என்னெண்டு கூப்பிடுறது? எல்லாப் பெண்டுகளும் கூப்பிடுற மாதிரித்தான்” என்றார் மாமி. “கேக்கேல்லை எண்டு தெரிஞ்சோடனை சிரிச்சுக்கொண்டு உள்ளை வந்தவள். என்னடி அலுவல் எண்டு கேட்டன். ஒண்டுமில்லையாம். அடுத்த முறை வரேக்கை கூப்பிடுறனாம்.”

“மாமி, அவ கூப்பிட்ட மாதிரி ஒருக்கால் கூப்பிட்டுக் காட்டுங்கோ” என்றேன். சொன்ன பிறகுதான் எப்படிப்பட்ட கேள்வி என்று உறைத்தது. மாமியார் மருமகனைப் பார்த்துச் சொல்லக்கூடிய சொல் இல்லை அது. மாமி திகைத்துப்போனார். ஆனால் ஏசவில்லை. கதியாலில் இருந்த கையையும் எடுக்கவில்லை.

நான் படலையைத் திறந்துகொண்டு ஒழுங்கையில் நடந்தேன். வண்டி திரும்பிய முடக்குக்குப் போய், வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். வண்டியும் இல்லை, மாடும் இல்லை, சலங்கையும் இல்லை. ஒழுங்கை அமைதியாகக் கிடந்தது. யார் மெல்லக் கூப்பிட்டாலும் கேட்டிருக்கும். மாமி ஒருமுறை தொண்டையைச் செருமியது கேட்டது. அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

நான் காத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் எனக்குக் கேட்டது, தபால் கந்தோர்க்காரர் மெலித்துப் பேசும் அந்தக் குரல்தான். அதற்குத்தான் நான் திரும்பிப் பார்த்தேன்.